நான்கு வரப்பும் ஒரு குறுக்குக் கயிறும்

நிலத்தின் நான்கு வரப்புகளையும் அளந்துவிட்டால் அதன் பரப்புத் தெரிந்துவிடும் என்னும் எண்ணம் நம் அங்கத்தினர்கள் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. குத்தகை பேசும்போதும், நடவுக் கூலி பேசும்போதும், உடன்பிறந்தோர் பாகம் பிரிக்கும்போதும் இந்த எண்ணமே நடுவராக வந்து நிற்கின்றது. கயிற்றைக் கொண்டு கிழக்கு வரப்பையும் மேற்கு வரப்பையும் அளந்து, கூட்டிப் பாதியாக்குவர். தெற்கையும் வடக்கையும் அவ்வாறே செய்வர். இரண்டு பாதிகளையும் பெருக்கி, வந்த தொகையை 435.6-ஆல் வகுத்தால் இத்தனை சென்ட் என்பது விடை. பின்னர் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இம்முறை செவ்வகத்துக்கும் சதுரத்துக்கும் மட்டுமே பொருந்தும். வேறு எந்த நாற்கரமாயினும், உள்ள நிலத்தைவிடக் கூடுதலாகவே இது காட்டும். ஒரு முறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் காட்டுகின்ற பிழையானால், பத்துப் பேரத்தில் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும் என்று விட்டுவிடலாம். இது அத்தகைய பிழை அன்று. எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்வது. நிலத்தை விற்பவனும் குத்தகைக்கு விடுபவனும் இதனால் இழப்பதில்லை; வாங்குபவனும் குத்தகை எடுப்பவனுமே இழக்கின்றனர். அதோடு நிற்பதும் இல்லை. இல்லாத சென்டுக்கு உரம் வாங்குகின்றோம், விதை வாங்குகின்றோம். அறுவடை முடிந்து ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்கிடும்போது, அடுத்த வயற்காரரைவிட நம் மகசூல் குறைந்தது போலத் தோன்றுகின்றது. பயிர் செய்தவன் கைராசியைப் பழிக்கின்றோம். பழிக்க வேண்டியது கணக்கையே.

இதன் காரணத்தைக் கண்ணால் காண விரும்புவோர் ஒரே நீளமுள்ள நான்கு குச்சிகளை எடுத்து, நான்கு மூலைகளிலும் நூலால் கட்டிப் பார்க்கலாம். முதலில் சதுரமாக நிற்கும். ஒரு மூலையைப் பிடித்து மெல்ல அழுத்தினால் சாய்சதுரமாகும். மேலும் அழுத்தினால் ஒடுங்கி, முடிவில் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குச்சிகளின் நீளம் மாறவே இல்லை. உள்ளே இருந்த இடம் மட்டும் படிப்படியாகக் குறைந்து ஒன்றுமில்லாமற் போய்விட்டது. மூன்று குச்சிகளைக் கட்டினாலோ இவ்வாறு ஆடாது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் நிலைத்துவிட்டால் அதன் வடிவமும் நிலைத்துவிடும். கொல்லைப் படலுக்குக் குறுக்கே ஒரு சாய்வுக் கட்டையை அடிக்கின்றோமே, அது இதற்காகத்தான். கட்டை இல்லாத படல் ஒரே மழைக்காலத்தில் தலைசாய்ந்துவிடும்.

நான்கு வரப்பும் 200 அடியாக உள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். மூலைகள் செங்கோணமாயின் பரப்பு 40,000 சதுர அடி, அதாவது 91.8 சென்ட். அதே நான்கு வரப்புகள் சற்றே சாய்ந்து, எதிர்மூலைகளுக்கு இடையே உள்ள தூரங்கள் 240 அடியும் 320 அடியுமாக இருந்தால், பரப்பு 38,400 சதுர அடி, 88.2 சென்ட். (சாய்சதுரத்துக்கு மூலைவிட்டங்கள் இரண்டையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். பட்டம் போன்ற வடிவுக்கும் இதுவே விதி.) நன்றாகச் சாய்ந்து, மூலைவிட்டங்கள் 112 அடியும் 384 அடியுமாகிவிட்டால், பரப்பு 21,504 சதுர அடியாக, 49.4 சென்டாக இறங்கிவிடும். மூன்று நிலங்களிலும் வரப்பைச் சுற்றி நடந்தால் 800 அடிதான். வரப்புக் கயிறு மட்டும் பிடித்தவர் மூன்றுக்கும் 91.8 சென்ட் என்றே எழுதுவார்.

எதிர்வரப்புகளின் சராசரியைப் பெருக்கும் முறை ஏன் ஒருபோதும் குறைத்துக் காட்டுவதில்லை என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. இரண்டு பக்கங்களின் நீளம் தெரிந்த முக்கோணம், அவ்விரு பக்கங்களும் செங்கோணத்தில் சந்திக்கும்போதுதான் மிகப் பெரிய பரப்பைப் பெறும். அப்போது அது அவற்றின் பெருக்கலில் பாதி. கோணம் விரிந்தாலும் குறுகினாலும் பரப்புக் குறையும். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால் வேறு இரண்டு. இந்த நான்கு முக்கோணங்களையும் கூட்டினால் நிலத்தின் பரப்பு இரண்டு மடங்காக வரும். ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் அதன் இரு வரப்புகளின் பெருக்கலில் பாதிக்கு மேற்படாது. நான்கையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைக்கும் உச்ச அளவு எதுவோ, அதுவே எதிர்வரப்புச் சராசரிகளின் பெருக்கல். நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தாலன்றி நிலம் அந்த உச்சத்தை எட்டாது. ஆகையால் அம்முறை சொல்வது நிலத்தின் பரப்பை அன்று. அந்நிலம் தாண்ட முடியாத மேல் எல்லையையே.

இப்பிழை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று; மிகப் பழையது. எகிப்து நாட்டில் எட்ஃபு என்னும் ஊரில் ஹோரஸ் தெய்வத்துக்காகக் கி.மு. 237-ல் கட்டத் தொடங்கிய பெருங்கோயில் ஒன்று உள்ளது. அதன் சுவரில் கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பட்டியலைப் பொறித்திருக்கின்றனர். ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கு பக்க அளவு, அவற்றின் சராசரிப் பெருக்கல், அதுவே பரப்பு. முக்கோண நிலம் வந்தபோது அவர்கள் சிறிதும் தயங்கவில்லை. நான்காவது பக்கம் ஒன்றுமில்லை என்று எழுதி, அதே கணக்கைப் போட்டுவிட்டனர்!

நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-ல் இயற்றிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்தச் சராசரி முறையைத் தோராயமானது என்றே வைத்து, அதனினும் நுட்பமான வேறொரு விதியையும் தந்தார். நான்கு பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, கிடைத்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது அவ்விதி. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்கு இது முற்றிலும் சரி. மற்ற நாற்கரங்களுக்கு இதுவும் கூட்டியே காட்டும். பாஸ்கராசாரியர் 1150-ல் எழுதிய லீலாவதியில் இவ்விஷயத்தை ஒளிவு மறைவின்றிப் பேசுகின்றார். மூலைவிட்டமோ செங்குத்தோ இன்னதென்று சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனையும், கேட்டதும் விடை சொல்பவனையும் அவர் பேய்க்கு ஒப்பிடுகின்றார். கணித நூலில் இத்தனை கோபம் அபூர்வம். நிலத்தகராறு எதையேனும் நேரில் கண்டிருப்பாரோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சரி, எவ்வாறு அளப்பது? நான்கு வரப்புகளோடு ஒரு குறுக்கு அளவும் வேண்டும், அவ்வளவே. எதிர்மூலைகள் இரண்டுக்கும் இடையே கயிற்றை இழுத்துக் கட்டினால் நிலம் இரண்டு முக்கோணங்களாகிவிடும். வரப்புகள் வரிசையாக 150, 200, 170, 120 அடி உள்ள ஒரு நிலத்தைக் கொள்வோம். சராசரி முறைப்படி 160-ஐ 160-ஆல் பெருக்க 25,600 சதுர அடி வரும், 58.8 சென்ட். பிரம்மகுப்தர் விதிப்படி ஏறத்தாழ 24,739 சதுர அடி, 56.8 சென்ட். இப்போது 120 அடி வரப்பும் 150 அடி வரப்பும் கூடும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு பிடிக்க, 250 அடி என்று வருகின்றது எனக் கொள்வோம். அந்தக் கயிற்றிலிருந்து ஒருபுறத்து மூலைக்குச் செங்குத்துத் தூரம் 120 அடி. மறுபுறத்து மூலைக்கு 72 அடி. இரண்டையும் கூட்டினால் 192. அதை 250-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 24,000 சதுர அடி. உண்மைப் பரப்பு 55.1 சென்ட். வரப்புக் கணக்கை நம்பியவர் 3.7 சென்டைக் காற்றில் வாங்கியிருப்பார்.

செங்குத்துப் பிடிப்பதில் கை தவறும் என்று அஞ்சுவோருக்கு வேறு வழியும் உண்டு. முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் தெரிந்தாலே போதும். பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, அந்த மூன்று மீதிகளையும் பாதித்தொகையையும் ஒன்றாகப் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். மேற்படி நிலத்தில் 150, 200, 250 அடிகளுள்ள முக்கோணத்துக்குப் பாதித்தொகை 300. மீதிகள் 150, 100, 50. பெருக்கலின் வர்க்கமூலம் 15,000. மற்றொன்று 120, 170, 250, பாதித்தொகை 270, மீதிகள் 150, 100, 20, வர்க்கமூலம் 9,000. கூட்டினால் அதே 24,000. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று இருந்தால், கைப்பேசியில் உள்ள கணக்குப் பொறியைக் கொண்டு இதை இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். கயிறு இழுக்க இழுக்க நீளும். அளவு நாடா கிடைத்தால் அதையே பயன்படுத்துவது நன்று. மற்றொன்று, நிலத்தின் ஒரு மூலை உள்நோக்கி மடங்கியிருந்தால் ஒரு மூலைவிட்டம் நிலத்துக்கு வெளியே போகும். அப்போது உள்ளேயே செல்லும் மற்ற மூலைவிட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சர்க்கார் நில அளவையும் இவ்வழியிலேயே நடந்து வந்துள்ளது. லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802-ல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் அளவை முழுவதும் முக்கோணங்களால் பின்னப்பட்டது. நம் கிராமப் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும், வயலுக்குள்ளே குறுக்குக் கோடுகள் ஓடுவதையும், அவற்றிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்து அளவுகள் குறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். பழைய அளவைகள் கண்டர் சங்கிலியால் ஆனவை. 66 அடி நீளம், 100 லிங்க். ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்று வசதியாக அமையும்படி அச்சங்கிலியை வகுத்தனர். இன்று பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வந்துவிட்டன. ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். அளவுப் பெயர் மாறினாலும் குறுக்குக் கோடு மாறவில்லை.

இனிச் சரிவகத்துக்கு வருவோம். நாற்கரங்களுள் நமக்கு மிகவும் வேண்டியது இதுவே. இரண்டு எதிர்ப்பக்கங்கள் இணையாக ஓட, மற்ற இரண்டும் சாய்ந்து நிற்பது சரிவகம். வாய்க்காலும் வண்டிப்பாதையும் இணையாகச் செல்ல, அவற்றுக்கு இடையே அகப்பட்ட வயல்கள் பெரும்பாலும் இவ்வடிவினவே. சரிவகத்தில் சராசரி எடுப்பது குற்றமன்று; இணைப்பக்கங்கள் இரண்டின் சராசரியை எடுத்தே தீர வேண்டும். ஆனால் அதைப் பெருக்க வேண்டியது அவ்விரண்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தால். சாய்ந்த வரப்பின் நீளத்தால் அன்று. இந்த ஓர் இடத்தில் சறுக்கினால் நஷ்டம் பெரிது. வாய்க்கால் பக்கம் 300 அடி, பாதைப் பக்கம் 180 அடி, சாய்ந்த வரப்புகள் இரண்டும் நூறு நூறு அடி என்று கொள்வோம். செங்குத்துத் தூரம் 80 அடி. உண்மைப் பரப்பு 240-ஐ 80-ஆல் பெருக்க 19,200 சதுர அடி, 44.1 சென்ட். வரப்பைக் கொண்டு பெருக்கினால் 24,000, 55.1 சென்ட். பதினொரு சென்ட் வித்தியாசம்! அரை ஏக்கர்கூட இல்லாத நிலத்தை அரை ஏக்கருக்கு மேல் என்று சொல்லிக் குத்தகை வாங்கிவிடலாம்.

செங்குத்தை அறிய 30, 40, 50 அடிகளில் முடிச்சிட்ட கயிறு போதும். வாய்க்கால் கரையோடு 30 அடி, குறுக்கே 40 அடி, இரு முனைகளையும் சேர்க்கும் அளவு 50 அடியாக அமையுமாறு பிடித்தால், 40 அடிக் கயிறு செங்குத்தாக நிற்கும். அதே திசையில் எதிர்க்கரை வரை நாடாவை நீட்ட வேண்டியதுதான்.

வளைந்தோடும் ஓடைக்கரை நிலத்தையும் சரிவகமே காப்பாற்றுகின்றது. நிலத்துக்குள் நேராக ஒரு கயிறு கட்டி, 20 அடிக்கு ஓர் இடமாக அதிலிருந்து கரைக்குச் செங்குத்து எடுத்துக்கொண்டே போனால், ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ ஒரு சிறு சரிவகம். செங்குத்துகள் 6, 10, 13, 11, 4 அடி என வந்தால், முதலும் கடைசியும் கூட்டிப் பாதி 5. அதனோடு 10, 13, 11 சேர 39. இருபதால் பெருக்க 780 சதுர அடி. ஏறத்தாழ 1.8 சென்ட். வளைவென்று தள்ளிவிடும் துண்டில் இவ்வளவு இருக்கின்றது.

பாகப்பிரிவினையில் இவ்வடிவம் வேறொரு சோதனை வைக்கும். மேற்சொன்ன 300க்கு 180 அடி நிலத்தைச் சகோதரர் இருவர் பிரித்துக்கொள்ள விரும்பி, சாய்ந்த வரப்புகள் இரண்டின் நடுவையும் சேர்த்து ஒரு வரப்புப் போட்டால், வாய்க்கால் பக்கத்தவருக்கு 10,800 சதுர அடியும் பாதைப் பக்கத்தவருக்கு 8,400 சதுர அடியும் வரும். ஐந்தரை சென்ட் ஏற்றத்தாழ்வு. பார்வைக்கோ நடுவில் பிரித்ததாகவே தோன்றும்! இணையான பக்கங்கள் இரண்டின் நடுவையும் சேர்த்து வரப்புப் போட்டால் இருவருக்கும் 9,600 சதுர அடி. ஓர் அடி கூடக் குறையாது. நம் கருத்தில் இதுவே மேல். இருவருக்கும் வாய்க்காலும் கிடைக்கின்றது, பாதையும் கிடைக்கின்றது. தண்ணீர் முறைக்கு அண்ணன் வரப்பில் தம்பி காத்து நிற்க வேண்டியதில்லை. அப்படியன்றி வாய்க்காலுக்கு இணையாகவே பிரிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டால், இணைப்பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி வர்க்கமூலம் காண வேண்டும். புதிய வரப்பின் நீளம் அது. இந்நிலத்தில் ஏறத்தாழ 247.4 அடி. அவ்வரப்பு வாய்க்காலிலிருந்து 40 அடியில் அன்று, 35 அடியில் அமையும்.

பாபிலோனியர் இவ்விதியை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகையில் போட்டுப் பழகியிருக்கின்றனர். இணைப்பக்கங்கள் 17, 7 உள்ள சரிவகத்தைச் சரிபாதியாக்கும் கோடு 13 என்பது அவர்களுக்குப் பிடித்தமான உதாரணம். சகோதரர்கள் நிலம் பிரிக்கும் கணக்குகளும் அவர்களிடம் ஏராளம்.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதுவரை பொறுமையுடன் படித்திருப்பார்களாயின், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தறி நாட்டும்போது பாவு உருளையும் துணி உருளையும் இணையாக நில்லாவிட்டால், அல்லது அச்சுப்பலகை ஒருபுறம் முந்தி அடித்தால், ஊடை சாய்ந்து விழும். துணி செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகிவிடும். 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள ஒரு போர்வையில் ஊடை ஒருபுறம் 3 அங்குலம் சாய்ந்தது என்க. சாய்ந்த ஊடைப் பக்கத்தை அளந்தால் 60.07 அங்குலம், எந்த நாடாவிலும் அந்த வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. நீளமும் சரியாகவே இருக்கும். ஆனால் மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 110.7, மற்றொன்று 105.7, ஐந்து அங்குல வித்தியாசம் காட்டிக் கொடுத்துவிடும். மூன்று அங்குலச் சாய்வை ஐந்தாகப் பெரிதாக்கிக் காட்டுகின்ற இத்தகைய கருவி செலவில்லாமல் வேறு எங்கும் கிடையாது.

இங்கே ஒரு விசித்திரம். நிலம் சாய்ந்தால் பரப்புக் குறையும். இந்தப் போர்வையிலோ பரப்புக் குறையவில்லை. அகலம் ஓரத்துக்கு ஓரம் 60 அங்குலமாகவே இருப்பதால் சதுர அங்குலம் அப்படியே உள்ளது. வாங்குபவருக்குத் துணி நஷ்டமில்லை. ஆயினும் கட்டம் போட்ட துணியானால், கட்டங்கள் சதுரமாக இல்லாமல் சாய்ந்து, தையலில் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும். சரக்குத் திரும்பி வரும்.

மூலைவிட்டம் மட்டும் பார்த்துத் துணியைத் தேற்றிவிடவும் கூடாது. ஊடையை இறுக்கி இழுப்பதால் துணி வரவர ஒடுங்கி, தொடக்கத்தில் 60 அங்குலமும் முடிவில் 58 அங்குலமும் ஆனால், அது இருபுறமும் ஒத்த சரிவகம். அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகவே இருக்கும். பாவு இழை ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதே இழைகள் முடிவில் நெருங்கி, தொடக்கத்தில் கலைந்து நிற்கும். துணியை விரித்துப் பிடிக்கும் கழியை நெய்யும் இடத்துக்கு அருகே அடிக்கடி நகர்த்தி வைத்தால் இக்குறை பெரும்பாலும் வாராது. சங்கத்தில் துணி பெற்றுக்கொள்ளும் மேசையில் நீளம் இரண்டு, அகலம் இரண்டு, மூலைவிட்டம் இரண்டு என ஆறு அளவுகளும் எடுக்கப்பட வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால் அது செவ்வகமே. வேறாக இருக்க வழியில்லை. ஒரு போர்வைக்கு இதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும்.